பெட்டி முதலில், புரோகிராம் அப்புறம்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினிப் பலகையை வாங்கியவர்கள் என் வட்டத்திலேயே நிறையப் பேர் உண்டு. அதை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர் யார் என்று தேடினால்தான் ஆள் அகப்படுவதில்லை. ஒருவர் வீட்டில் அது டிவிக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கிறது. இன்னொருவர் மேசை டிராயரில், பழைய நோக்கியா சார்ஜர்களுக்கும் காலாவதியான சிம் கார்டுகளுக்கும் நடுவில் கிடக்கிறது. இப்படித் தூங்கும் பைகளைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் கண்ணில் பட ஆரம்பித்தது. அநேகமாக எல்லாமே அழகான பெட்டிக்குள் இருந்தன. கறுப்பு அலுமினியம், அடுக்கடுக்கான அக்ரிலிக், மேலே ஒரு குட்டி ஃபேன். ஓடிக்கொண்டிருக்கும் பைகளைப் பார்த்தால் ஒன்று மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டியில் இருக்கிறது, ஒன்று எலக்ட்ரிக் கடையில் வாங்கிய பிவிசி சுவிட்ச் பாக்ஸில், ஒன்று ரப்பர் பேண்ட் போட்ட சோப்பு டப்பாவில். கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை, போன வீடுகளில் கண்டதைச் சொல்கிறேன். ஆனாலும் இது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மச்சானிடம் இதைச் சொன்னேன். "பெட்டியெல்லாம் ஆன்லைன்ல கிடைக்கு. வாங்கி மாட்டிட்டு நேரா புரோகிராம் எழுதச் சொல்லு. மரத்தையும் அட்டையையும் வெட்டிட்டு இருந்தா எப்பம் படிக்கது?" என்றான். ஞாயமான பேச்சுதான். சூட்டை வெளியே தள்ளுவதில் ஒரு நல்ல அலுமினியப் பெட்டிக்கு முன்னால் நம் வீட்டு மரமும் அட்டையும் நிற்காது. அப்படியிருந்தும் அவன் சொன்னது எனக்குச் செரிக்கவில்லை. புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளைகள் பெட்டியைக் கையால் செய்வதில் தொடங்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியவில்லை. குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டமும் தக்கலைப் பக்கத்து ஆசாரி ஒருவரும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இன்றும் சொல்லத் தெரிந்திருக்காது.

திருகாணிக்குத் துளையே இல்லாத பலகை

முதல் பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29 அன்று. விலை 35 டாலர். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, பவர் அடாப்டர் கிடையாது, பெட்டியும் கிடையாது. பெட்டி மட்டும் இல்லை என்றால் பரவாயில்லை, அந்த முதல் பதிப்புப் பலகையில் திருகாணி போட ஒரு துளைகூட இல்லை. அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் இரண்டு துளைகள் வந்தன. 2014இல் வந்த பி பிளஸ் என்ற மாடல்தான் நான்கு மூலைக்கும் நான்கு துளை, வயர் மாட்ட ஊசி போன்ற 40 பின் என்று இன்று நாம் பார்க்கும் அமைப்புக்கு வந்தது. அவர்களுடைய சொந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டி கடைக்கு வந்தபோது 2015 ஆகிவிட்டது. அதாவது முதல் மூன்று ஆண்டுகள் வாங்கியவர்கள் எல்லாரும் பெட்டிக்குத் தாங்களே வழி பார்க்க வேண்டியிருந்தது. அட்டையில் அச்சடித்து வெட்டி மடித்துக்கொள்ளும் 'பன்னெட்' என்ற இலவச வரைபடம் அப்போது சுற்றியது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சைமன் காக்ஸ் 2012இல் 64 பைகளை இணைத்து ஒரு குட்டி சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினார். அந்த 64 பலகைகளையும் தாங்கி நின்ற அடுக்கு லெகோ கட்டைகளால் ஆனது. அதைக் கட்ட உதவியது அவருடைய ஆறு வயது மகன்.

இந்தப் பழங்கதையை நான் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் பெட்டியைத் தானே செய்தவர் எவரும் பலகையை நன்றாகப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எந்த ஓரத்தில் என்ன துளை வேண்டும், எது எவ்வளவு உயரம், அடியில் ஈய முனைகள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஸ்கேலை வைத்து அளந்துதான் அட்டையை வெட்ட முடியும். 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். இன்று அலுமினியப் பெட்டியோடு சேர்த்து வாங்கும் பிள்ளை நான்கு திருகாணியை முறுக்கிவிட்டு, அதன்பின் அந்தப் பலகையின் முகத்தையே பார்ப்பதில்லை. 3.3 வோல்ட் பின் எது, 5 வோல்ட் பின் எது என்று கேட்டால் கூகுளில் படம் தேடுகிறது. பொருள் அதன் மேசையில்தான் இருக்கிறது.

ஆனால் இது பாதிக் காரணம்தான். பலகையின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளப் பெட்டி செய்யத் தேவையில்லை, பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலே போதும். மீதிக் காரணம் எனக்குப் பிடிபட்டது ஆசாரியிடம் போன அன்றுதான்.

குலசேகரத்துப் பை

என் நண்பன் ஒருவனுக்குக் குலசேகரத்தில் வீடு. அவன் அப்பாவுக்கு வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ரப்பர் உண்டு, கொஞ்சம் தள்ளி மலையடிவாரத்தில் இன்னொரு தோட்டம் உண்டு. ரப்பர்க்காரர் வீட்டில் விடியற்காலம் என்பது மழையைப் பற்றிய கவலைதான். பால் வெட்டு இருட்டோடு நடக்க வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். ஆனால் இரவு மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும். நம் மாவட்டத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கும் நமக்குண்டு, வடகிழக்கும் நமக்குண்டு. வீட்டில் நட்சத்திரம் தெரியும், அடிவாரத்தில் கொட்டித் தீர்த்திருக்கும். வெட்டுகிற ஆளும் அவரும் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய், நனைந்த மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

நண்பனின் டிராயரில் பை 3 பி பிளஸ் என்ற மாடல் ஒன்று கிடந்தது. நல்ல கனமான அலுமினியப் பெட்டிக்குள்தான். ஒரு நாள் நாங்கள் அதை டிவியில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "மோனே, இதுக்கு ராத்திரி அங்க மழை பெய்ஞ்சுதா இல்லியான்னு சொல்ல ஒக்குமா? பெய்ஞ்சா போவாண்டாம் பாரு" என்றார். இவ்வளவு தெளிவாக ஒரு கணினிக்கு யாரும் வேலை சொல்லி நான் கேட்டதில்லை.

செய்ய முடிகிற வேலைதான். மழைமானியில் ஊஞ்சல்பலகை போல இரண்டு பக்கமும் சாயும் குட்டித் தொட்டி ஒன்று இருக்கும். அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் அது சாயும், சாயும்போது அதிலுள்ள காந்தம், காந்தம் நெருங்கினால் இணையும் ரீட் சுவிட்ச் ஒன்றைத் தட்டும். பொழுதுபோக்காளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வகையில் ஒரு சாய்வு என்றால் 0.2794 மில்லிமீட்டர் மழை. பையின் வேலை அந்தத் தட்டல்களை எண்ணி, நேரத்தோடு குறித்து, போனுக்கு அனுப்புவது. விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில், இதற்கு ஒரு முழு பை எதற்கு, 2022இல் வந்த பைக்கோ டபிள்யூ என்ற ஆறு டாலர் குட்டிப் பலகையே போதுமே என்பார்கள். போதும்தான். ஆனால் டிராயரில் கிடந்தது இதுதானே.

அலுமினியப் பெட்டி சரிப்படாது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. மழைமானி வயர் உள்ளே போக அதில் வழி இல்லை. நேரக் கடிகாரத்துக்கும் இடம் இல்லை. (பை 5க்கு முந்தைய பலகைகளில் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையம் கிடைக்கும்வரை அதற்கு மணி தெரியாது. மழைக்காலத்தில் அடிவாரத்தில் கரண்ட் எப்போது வரும், சிக்னல் எப்போது வரும் என்று யார் சொல்வது? அதனால் பேட்டரி போட்ட டிஎஸ் 3231 என்ற குட்டிக் கடிகாரத்தைப் பின்களில் மாட்ட வேண்டியிருந்தது.) சரி, மரத்தில் செய்வோம் என்று கடைப் பெட்டியைப் பார்த்து அதே மாதிரி ஒரு படம் வரைந்தேன். எல்லாத் துளைகளும் அதனதன் இடத்தில். அதை எடுத்துக்கொண்டு தக்கலைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஆசாரியிடம் போனேன். கதவு, சன்னல், கட்டில் செய்கிறவர்.

அவர் படத்தை வாங்கிப் பட்டறைப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தார். பை பலகையைக் கேட்டார். கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது படுத்து கிடக்குமா, நிக்குமா மக்களே?" என்று கேட்டார்.

படுத்துதான் கிடக்கும் அண்ணாச்சி என்றேன். எல்லாப் படத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

"சூடு எங்க இருந்து வரும்?" நடுவில் இருக்கிற வெள்ளித் தகட்டைக் காட்டினேன். "சூடு மேலோட்டுதானே போவும். படுக்க வச்சா இதுக்க மேலயே மூடி. நிக்க வச்சுரு. கீழ நாலு ஓட்டை, மேல நாலு ஓட்டை. காத்து தன்னால ஏறிப் போவும்." அவர் கணினியைத் தொட்டவர் அல்ல. ஆனால் 2019இல் பை 4 வந்தபோது அதன் சூட்டைப் பற்றி எல்லாரும் புகார் சொல்ல, ராஸ்பெரி பை தளத்திலேயே வெளியான வெப்பச் சோதனையிலும் பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் சூடு குறைகிறது என்றுதான் கண்டிருந்தார்கள். சமையலறைக்குப் புகைபோக்கி வைக்கத் தெரிந்தவருக்கு அது புதிய செய்தி அல்ல.

அதற்கப்புறம் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. வரிசையாகத் துளைகளைக் காட்டிக் காட்டி இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். இது டிவிக்கு. இது பாட்டுக் கேட்க. இது நாலும் கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ். இது நெட் கேபிளுக்கு. "தோட்டத்தில டிவி உண்டா?" இல்லை. "பாட்டு கேக்கப் போறியா?" இல்லை. "அப்ப எதுக்கு ஓட்டை? எல்லாத்துக்கும் வழி வச்சா பிறவு பெட்டி எதுக்கு, சும்மா கயத்துல கெட்டித் தூக்கு." எது கண்டிப்பாக வெளியே வரணும் என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டே இரண்டு. பவர் வயர், மழைமானி வயர். இணையத்துக்கான டாங்கிள் உள்ளேயே இருந்துகொள்ளும். இரண்டு வயரும் அடிப்பக்கமாக இறங்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது. மெமரி கார்டை மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். "அப்ப திருகாணி வேண்டாம், இழுப்பு மூடி போதும்" என்றார்.

பட்டறையை விட்டு வரும்போது என் படம் அங்கேயே கிடந்தது. மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது. கடைப் பெட்டியில் எல்லாத் துளைகளும் இருக்கின்றன, ஏனென்றால் வாங்குகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று செய்தவருக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பை எந்த வேலைக்கும் தயாராக இருக்கிறது. டிவி ஆகலாம், சர்வர் ஆகலாம், கேம் ஆகலாம், ரோபோ ஆகலாம். எது வேண்டுமானாலும் ஆகலாம் என்பதனாலேயே எதுவும் ஆகாமல் டிராயருக்குப் போகிறது. கையால் பெட்டி செய்யப் போனால், கத்தியை எடுத்த முதல் நிமிடத்திலேயே எங்கே துளை போட வேண்டும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. இது எங்கே இருக்கப் போகிறது, யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்யாமல் அதற்குப் பதில் கிடையாது. ஆசாரி அன்று என்னிடமிருந்து வாங்கியது அந்த முடிவைத்தான். புரோகிராம் அதற்கப்புறம் இரண்டு மாலையில் முடிந்தது, ஏனென்றால் எதை எழுத வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும்.

மரம், ஓலை, சிரட்டை, தகரம்

ஆசாரி எடுத்தது அயனி மரம். படகுக்கும் சன்னலுக்கும் ஆகிற மரம், ஈரத்துக்குச் சீக்கிரம் அசையாது. பெட்டிக்கு அவர் வாங்கிய கூலியில் கடைப் பெட்டி இரண்டு வாங்கியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு மரம் தேவையே இல்லை. கல்யாணப் பத்திரிகை வருகிறதே, இப்போதெல்லாம் கெட்டி அட்டையில் பெட்டி பெட்டியாக, அதைவிட நல்ல மூலப்பொருள் எங்கே கிடைக்கும்? கத்தரிக்கோலும் ஃபெவிகாலும் போதும். சூட்டுக்கு அட்டை தீப்பிடிக்குமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். 80 டிகிரியை நெருங்கும்போதே பை தன் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், காகிதம் பற்றுவதற்கு அதைவிட மிக அதிகமான சூடு வேண்டும். ஆனாலும் மலிவான சார்ஜரை அட்டைக்குள் சேர்த்து அடைக்காதீர்கள் என்று அவருக்குச் சொன்னேன், பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சார்ஜர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாதி பவர் கோளாறு. வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரையும் மெலிந்த கேபிளையும் போட்டு ஓட்டினால் பலகைக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறையும். 4.63க்குக் கீழே இறங்கியதும் திரையின் மூலையில் ஒரு மின்னல் குறி வரும். பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 3 பி பிளஸ் கேட்பது 2.5 ஆம்பியர், பை 4 கேட்பது 3 ஆம்பியர். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பெட்டியில் பிடியுங்கள், அடாப்டரில் வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் கரண்ட் போகிற போக்கில் மெமரி கார்டு கெட்டுப்போவதும் சகஜம். வேலை ஒழுங்காக நடக்க ஆரம்பித்ததும் செட்டிங்ஸில் ஓவர்லே என்பதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, நடுவில் கரண்ட் போனாலும் அமைப்பு பிழைக்கும். நாங்கள் மழைக்கணக்கை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எழுத வைத்திருக்கிறோம்.

பிஸ்கட் தகர டப்பா பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம். பலகையின் அடியில் ஈய முனைகள் துருத்திக்கொண்டிருக்கும், தகரத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். அடியில் அட்டை போட்டுத் தப்பித்தாலும் வைஃபை போகாது. 3 பி பிளஸிலும் பை 4இலும் ஆன்டெனா பலகையிலேயே ஒரு மூலையில் சின்ன முக்கோணமாக இருக்கிறது. அதைச் சுற்றிலும் தகரத்தால் மூடிவிட்டு சிக்னல் வரவில்லை என்று ரூட்டரைத் திட்டிப் பயனில்லை. பனை ஓலைப்பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. காற்றும் போகும், வைஃபையும் போகும். கருப்பட்டி வாங்கி வந்த ஓலைப்பெட்டி ஒன்றில் என் வீட்டு பை இப்போது இருக்கிறது. கோப்புகளைச் சேமித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. பார்க்கிறவர்கள் திறந்து கருப்பட்டி தேடுகிறார்கள். பையின் சின்ன வடிவமான பை ஜீரோ 65க்கு 30 மில்லிமீட்டர்தான், பெரிய தேங்காய்ச் சிரட்டைக்குள் தாராளமாக அடங்கும். அதைச் செய்துவிட்டு என்னிடம் காட்டிய ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கையில் தோல் உரிந்திருந்தது. வீட்டுக்கு வெளியே என்ன வெப்பம் என்று அவன் ஆச்சிக்குச் சொல்வதுதான் அதன் வேலை.

கையால் செய்த பெட்டிக்கு ஒரு குறை உண்டு, அந்தப் பலகைக்கு மட்டும்தான் அது ஆகும். 3 பி பிளஸிலிருந்து பை 4க்குப் போகும்போது யுஎஸ்பியும் நெட் கேபிள் துளையும் இடம் மாறின, எச்டிஎம்ஐ சிறிதாகி இரண்டானது. பை 5இல் யுஎஸ்பியும் நெட் துளையும் மறுபடி பழைய பக்கத்துக்கே வந்தன. ஆசாரி செய்ததில் இந்த இணைப்புகளுக்குத் துளைகளே இல்லை என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. திருகாணித் துளைகளின் தூரம், 58க்கு 49 மில்லிமீட்டர், பி பிளஸ் காலத்திலிருந்து இந்தப் பெரிய பலகைகளில் மாறவில்லை.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வைப்பதானால் கதை வேறு. அங்கே உப்புக்காற்று பின்களில் பச்சை பிடிக்க வைக்கும். காற்றோட்டம் வேண்டும் என்று துளை போட்டால் அந்தத் துளை வழியாகவே உப்பும் வரும். அங்கே மூடிய பிளாஸ்டிக் பெட்டி, சூடு குறைவான சின்னப் பலகை, பின்கள் தவிர்த்த இடங்களில் மெல்லிய பூச்சு என்று போக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் உப்பு இல்லை, ஆசிட் இருக்கிறது. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் விடுவார்களே, அதன் ஆவி உலோகத்தைச் சும்மா விடாது. பெட்டியை ஷீட் அடிக்கும் ரோலருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டலாம் என்று நாங்கள் ஆணியோடு நின்றபோது நண்பனின் அப்பாதான் தடுத்து, ஷெட்டின் மறுபக்கத் தூணைக் காட்டினார். அந்தத் தூணில்தான் இருக்கிறது. விடியுமுன் அவர் போனுக்கு இரவு மழை எவ்வளவு என்று ஒரு வரி வருகிறது. இடி இடிக்கும் சாயங்காலங்களில் மட்டும் யாராவது போய் மழைமானி வயரைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

எறும்புதான் மிச்சமிருந்த தொல்லை. கதகதப்பான, இருட்டான, மழை படாத பெட்டி என்றால் அவற்றுக்கும் பிடித்துத்தானே இருக்கும். ஆசாரி போட்ட துளைகளின் உள்பக்கம் நைலான் கொசுவலை ஒட்டினோம், பல்லி வருவது நின்றது. பொடி எறும்பு வயர் வழியாக ஏறி, வயர் நுழையும் இடுக்கில் உள்ளே போய் முட்டையிட்டது. மருந்துப் பொடி பலகையில் விழுந்தால் வேறு வம்பு. ஆசாரியிடமே கேட்டோம். இரண்டு வயரிலும் பெட்டிக்கு ஒரு சாண் கீழே வேப்பெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றச் சொன்னார். சுற்றியிருக்கிறோம். சாரல் பலமாக அடித்த வாரங்களில் துணியை மாற்ற வேண்டியிருக்கிறது, அதை நண்பனின் அப்பா பால் வெட்டு ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.